நோம்பிக்கு வந்த ஏரோப்பிளேன்

என்னங்க அப்பிடி எட்டி எட்டிப் பாக்கறீங்க? ஏரோப்பிளேனுங்களா? போகட்டும் உடுங்க, கழுத்து சுளுக்கிக்கும். நானெல்லாம் அதைப் பாக்கறதையே உட்டுட்டனுங்க. சத்தம் கேட்டா தலையைக் குனிஞ்சு துண்டை உதறிக்குவேன். பயமுன்னு நெனைச்சுக்காதீங்க. ஒரு வெறுப்பு. எங்க குடும்பத்துல ஒருத்தன் அதை ஓட்டிட்டிருந்தானுங்க, சண்டைக் காலத்துல. ஓட்டிட்டிருந்தான்னா, ஓட்டப் பழகிட்டிருந்தான்.

நீங்க சேலமுங்களா? நான் பவானியில எறங்கோணும். பஸ்ஸு போய்ச் சேர நேரம் கெடக்குது, கேளுங்க. ஊட்டுல கேக்கறதுக்கு ஆளில்லீங்க எனக்கு. சம்சாரம் போய்ச் சேந்துட்டா. ஒரே மக, மயிலாத்தான்னு பேரு, பவானியில வாத்தியாரம்மாவா இருக்கறா. நாள் பூரா பள்ளிக்கூடத்துப் பிள்ளைககூடப் பேசறா. பெத்த அப்பங்கிட்ட மட்டும் வாயைத் தொறக்கமாட்டா. போனா எலை போடுவா, தண்ணி வெப்பா, கொழம்பு ரசம் மோருன்னு ஒண்ணும் கொறையிருக்காது. பேச்சு மட்டும் கெடையாது. செவுடன் வீட்டுக்கு ஊமை விருந்து வெச்ச மாதிரி சாப்பிட்டு எந்திரிச்சு வருவேன். நான் என்ன குத்தம் பண்ணுனேன்னு நீங்களே கேட்டுட்டு நாயம் சொல்லுங்க.

எம்பட பேரு சென்னியப்பன். ஊரு கருக்கம்பாளையம். கருக்கம்பாளையத்துச் சென்னியப்பன்னா அந்தப் பக்கத்துல தெரியாதவங்களே கெடையாது. பெருமைக்குச் சொல்லலீங்க. எனக்குப் பெருமை பேசறதே புடிக்காது.

எங்க அக்கா மகன் தண்டபாணி. அவங்கப்பன் சின்ன வயசுலயே போயிட்டாரு. நான்தான் அவனை ஆளாக்குனது. அதாவது அக்கா சோறு போட்டா, அக்கா காட்டு வெள்ளாமைதான் அவனைக் காலேசு வரைக்கும் படிக்க வெச்சுது. ஆனா புத்தி சொன்னது பூரா நான். மயிலாத்தா அவனுக்குன்னே பொறந்தவ. முறைப் பொண்ணு. அது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துச் சிரிச்சுக்கறதை ஊரே பாத்திருக்குது, நானும் பாக்காத மாதிரி பாத்திருக்கறேன்.

பயல் படிப்பை முடிச்சவுடனே ஏரோப்பிளேன் பட்டாளத்துல சேந்துட்டான். எனக்குச் சம்மதமே இல்லீங்க. "வெள்ளைக்காரனும் செர்மன்காரனும் அடிச்சுக்கறான், நடுவுல நீ எதுக்குடா?"ன்னு அவங்கிட்டச் சண்டை போட்டேன். அப்பறம் ஒரு போட்டோ அனுப்பிச்சான் பாருங்க. தொப்பி, சட்டையில றெக்கை மாதிரி என்னமோ ஒண்ணு, மொறைச்ச பார்வை. அதைப் பாத்த பின்னாடிதான் தேசத்துக்கு நாமளும் என்னமாச்சும் செய்யோணும்னு எனக்கு ஒரு உணர்ச்சி வந்துது. அந்தப் போட்டோவை எடுத்துட்டுச் சந்தைக்குப் போனேன், கண்ணாலத்துக்குப் போனேன், ஒரு எழவு ஊட்டுக்குக்கூடப் போனேன். பாவம், துக்கத்துல இருக்கறவங்க, பாத்தா மனசு ஆறுமில்லீங்களா.

எல்லாரும் பாத்தாங்க. எல்லாரும் "ஆஹா"ன்னாங்க. ஒருத்தனைத் தவிர. வெள்ளியங்கிரின்னு ஒருத்தன், பருத்தி அரைக்கற மில்லு வெச்சிருந்தான். எங்க ஊர்லயே ரேடியோப் பொட்டி அவங்கிட்டத்தான் இருந்துது. பொழுதோட சண்டைச் செய்தி கேக்கறதுக்கு ஊரே அவன் வாசல்ல போய் உக்காந்துக்கும். அதுல அவனுக்கு ஒரு மெதப்பு. நானும் போவேன். செய்திக்குத்தான். அங்க நாலு பேர் முன்னால நான் போட்டோவை நீட்டறேன், அவன் வெளக்குக்கிட்டப் புடிச்சுப் பாத்துட்டுச் சொல்றான்:

"சட்டை நல்லாத்தான் இருக்குது சென்னியப்பா. ஆனா பிளேனு தொடைக்கறவனுக்கும் இதே சட்டைதான் குடுக்கறாங்களாமா."

சிரிச்சானுங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவன் வெளையாட்டுக்குத்தான் சொன்னான்னு பின்னாடி சொன்னாங்க. எனக்குச் சோறு எறங்கலீங்க. ஒரு மனுசன் ரோசத்தோட இருக்கறது தப்புங்களா?

அந்தச் சமயம் தண்டபாணியைப் பக்கத்துலயே ஒரு மைதானத்துக்கு மாத்தியிருந்தாங்க. எந்த மைதானம்னு சொல்லமாட்டனுங்க. சண்டை முடிஞ்சாலும் ரகசியம் ரகசியந்தான. கரி போட்டு ஓட்டற பஸ்ஸு அப்ப. மேடு வந்தா எல்லாரும் எறங்கித் தள்ளோணும். தள்ளிக்கிட்டே போய்ச் சேந்தேன். வாசல்ல துப்பாக்கியோட நின்னவன் உள்ள உடல. நான் யாருன்னு சொன்னேன், அப்பவும் உடல. கடைசியில இவனே வெளிய வந்தான், கூட ஒரு சிங்குப் பையன். தலைப்பாக்கட்டு, மொளைச்சும் மொளைக்காத தாடி. அவன் பேரு குர்பச்சனோ குருபட்சணமோ, நமக்கு வாயில நொழையல. ரெண்டு பேரையும் சோடியாத்தான் மேல அனுப்புவாங்களாம். ஒருத்தன் ஓட்டுவானாம், இன்னொருத்தன் படத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு வழி சொல்லுவானாம். நல்ல பையன். என்னைப் பாத்தவுடனே கால்ல உழுந்து கும்பிட்டான். தகரப் பொட்டியில பிஸ்கோத்து கொண்டாந்து குடுத்தான்.

நான் விசயத்தைச் சொன்னேன். "மாப்பளை, மாரியாத்தா நோம்பி வருது. தேரன்னிக்கு நம்ம ஊரு மேல ஒரு சுத்து வந்துட்டுப் போ."

"மாமா, இது ரேக்ளா வண்டியா, நெனைச்ச பக்கம் திருப்பறதுக்கு? எங்களுக்குன்னு வழி இருக்குது."

"வழியிலதானடா நம்ம ஊரு?"

"வழியிலதான். ஆனா தாழ வரக்கூடாது. இங்கொருத்தன் அவங்க ஊட்டுக் கூரை மேல தாழப் பறந்தான்னு சட்டையைக் கழட்டி அனுப்பிச்சுட்டாங்க. ரூலு மாமா."

"ரூலு போட்டவன் வெள்ளைக்காரன். அவனுக்கு மாமன் இருக்கறானா, மச்சான் இருக்கறானா? அவனுக்கென்ன தெரியும்?"

சிரிச்சானே ஒழிய அசையலீங்க. அப்பத்தான் சொன்னேன்: "நானாடா கேக்கறேன்? மயிலாத்தா கேட்டாடா. உன்னைப் பாக்கோணும்னு ஆசைப்படறா."

பயல் மொகத்தைப் பாக்கோணுமே நீங்க! செவந்து போச்சு. அந்தச் சிங்குப் பையன் என்ன என்னன்னு கேட்டு, இவன் சொல்லி, அவன் இவன் முதுகுல ஓங்கித் தட்டி, ஒரே கூத்து.

மயிலாத்தா கேட்டாளான்னா, வாயைத் தொறந்து கேக்கலீங்க. பொண்ணுக மனசுல இருக்கறதை அப்பன் எடுத்துச் சொல்லக்கூடாதா? அதுவும் பொய்யா?

"சரி மாமா. ஒரே தடவை. ஒசரத்துலயேதான் வருவோம். றெக்கையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுனா நாங்கதான்னு தெரிஞ்சுக்கங்க. அத்தோட போயிருவோம்."

ஊருக்கு வந்து மயிலாத்தாகிட்டச் சொன்னேன். சந்தோசப்படுவான்னு பாத்தா, மொறத்தைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சுட்டா. "நான் எப்பப்பா கேட்டேன்? நான் கேட்டேன்னு ஏன் சொன்னீங்க?"ன்னா. பொண்ணுகளுக்கு வெக்கம். நான் கண்டுக்கல.

நோம்பி வந்துது. நான் ஊரைக் கூட்டித் தமுக்கெல்லாம் அடிக்கலீங்க. நாலு பேர்கிட்டச் சொன்னேன், அந்த நாலு பேரும் மத்தவங்ககிட்டச் சொல்லிட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்றது? எட்டூரு சனம் வந்துது. மாரியாத்தாளைப் பாக்க வந்தவங்களை உட என்ற மாப்பளையைப் பாக்க வந்தவங்கதான் அதிகம். கோயில் பக்கத்துலயே கொளம். பருவமழை பொய்ச்சதுல தண்ணி இல்லாமக் கெடந்துது. அக்கரையில வரிசையாப் பனை. வெள்ளியங்கிரிக்கு மட்டும் ஊட்டுலிருந்து நாற்காலி கொண்டாந்து போட்டு முன்னால உக்கார வெச்சேன். மரியாதை குடுக்கறதுல நான் கொறை வெக்கமாட்டேன்.

அக்கா மாவெளக்குத் தட்டைத் தலையில வெச்சுட்டு நிக்கறா, பக்கத்துல மயிலாத்தா. அப்ப வந்துது பாருங்க சத்தம். மேளக்காரன் அடிக்கறதை நிறுத்திப் போட்டான். வானத்துல, கழுகைவிட ஒசரத்துல, தகதகன்னு ஒண்ணு வருது. நேரா எங்க தலைக்கு மேல வந்து இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டான்! சனமெல்லாம் குலவை போடுது. எங்கக்கா அழுகறா. மயிலாத்தா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கறா. அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க.

அவன் அப்பிடியே கெழக்க திரும்பிட்டான். அத்தோட முடிஞ்சிருக்கும். எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும். இந்த வெள்ளியங்கிரி வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா.

நெத்தியில கையை வெச்சு அண்ணாந்து பாத்துட்டுச் சொல்றான்: "பிளேனு வந்தது வாஸ்தவந்தான். உள்ள இருக்கறது யாருன்னு இங்கிருந்து என்ன தெரியுது?"

நீங்களே சொல்லுங்க, எந்த மனுசனுக்குத்தான் பொறுக்கும்? தோள்ல கெடந்த துண்டை எடுத்து ஆட்டுனேன். அது ஒரு மொழம், எங்க தெரியும்? தேருக்குக் கட்டறதுக்கு வெச்சிருந்த செவப்புத் துணி, நல்ல நீளம், அதை உருவிட்டுக் கொளத்துக்குள்ள எறங்கி ஓடுனேன். நட்டநடுவுல நின்னு தலைக்கு மேல சொழட்டுனேன். செவப்புன்னாத்தான தூரத்துக்குத் தெரியும்? அது ஒரு யோசனைதானுங்களே. அங்க இருந்த ஒருத்தனுக்காவது தோணுச்சா?

மயிலாத்தா பின்னாலயே ஓடியாந்தா. "அப்பா, வேண்டாம்ப்பா, மச்சான் போகட்டும்ப்பா, உடுங்க"ன்னு துணியோட ஒரு மொனையைப் புடிச்சு இழுக்கறா. நான் கையைத் தட்டி உட்டேன். கொஞ்சம் வேகமாத் தட்டிட்டேன் போல. கீழ உழுந்துட்டா.

திரும்பிட்டானுங்க! அவ்வளவு தூரம் போனவன், துணியைப் பாத்துட்டான். சுத்திக்கிட்டு எறங்கறான், எறங்கறான், கோயில் கோபுரத்து ஒசரத்துக்கு வந்துட்டான். கொளத்துக் கரை புழுதியெல்லாம் கெளம்புது. மொகம் தெரிஞ்சுதுங்க. கண்ணுல கண்ணாடி போட்டிருந்தான், ஆனாத் தெரிஞ்சுது. தலையை வெளிய சாச்சு என்னைப் பாத்தான். "என்னாச்சு மாமா?"ன்னு கேக்கற மாதிரி இருந்துது. பின்னால அந்தச் சிங்குப் பையன், அவனும் எட்டிப் பாக்கறான்.

நான் வெள்ளியங்கிரி பக்கம் திரும்பி, "பாருடா! யாருன்னு நல்லாப் பாருடா!"ன்னு கத்துனேன்.

அதனால பிளேனு பனையில அடிச்சதை நான் பாக்கலீங்க. சத்தந்தான் கேட்டுது. மத்ததெல்லாம் வெள்ளியங்கிரி மூஞ்சியிலதான் பாத்தேன். நாற்காலியிலிருந்து எந்திரிச்சான், ரெண்டு கையையும் முன்னால நீட்டுனான், தாங்கிப் புடிக்கற மாதிரி. நான் திரும்பறதுக்குள்ள அக்கரைச் சோளக்காடு எரியுது.

கிட்டப் போக முடியலீங்க. வெள்ளியங்கிரி மட்டும் போனான். மண்ணை வாரி வாரிப் போட்டான். முழங்கை வரைக்கும் வெந்து போச்சு அவனுக்கு. எல்லாம் ஒரு வெளம்பரம். எங்கக்கா மாவெளக்குத் தட்டைத் தலையிலிருந்து எறக்கவேயில்ல, அப்பிடியே நின்னுட்டா. யாரோ வாங்கி வெச்சாங்க.

அந்தப் பனை இருந்ததே பொறம்போக்குலீங்க. சர்க்கார் பனை. அதை வெட்டாம உட்டது யாரு குத்தம்? இதை நான் இன்னைக்கு வரைக்கும் கேட்டுட்டிருக்கறேன், ஒருத்தனும் பதில் சொல்லமாட்டீங்கறான். ஓட்டப் பழகற பசங்களைத் தனியா மேல அனுப்பிச்சது யாரு குத்தம்? கூடப் பெரியவங்க ஒருத்தர் உக்காந்திருக்க வேண்டாமா?

விசாரிக்க ஒரு வெள்ளைக்காரத் தொரை வந்தாரு, மொழி பேசறதுக்கு ஒரு ஆளோட. ஊரே பின்னால ஒதுங்கிக்கிச்சு. நான்தான் முன்னால போய்ச் சொன்னேன்: "எஞ்சின் நின்னு போச்சு. சனத்து மேல உழுந்துரக்கூடாதுன்னு உசுரைக் குடுத்துக் கொளத்துப் பக்கம் திருப்பிட்டான். எட்டூரு சனத்தைக் காப்பாத்துனவன் என்ற மாப்பளை." பொய்யில்லீங்க. எஞ்சின் நின்னிருந்தா அப்பிடித்தான் செஞ்சிருப்பான். என்ற வளர்ப்பு.

தொரை எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, "செவப்புத் துணியை யாரோ ஆட்டுனாங்களாமே? செவப்புன்னா ஆபத்து. கீழ யாருக்கோ ஆபத்துன்னு நெனைச்சு எறங்கியிருப்பாங்க"ன்னாரு. நான் சொன்னேன், "தொரைகளே, இது என்ன ரயிலா, செவப்புக் கொடி காட்டுனா நிக்கறதுக்கு? நான் ஆசீர்வாதமில்ல பண்ணுனேன்." அவரு நோட்டை மூடுனாரு. எந்திரிச்சுப் போயிட்டாரு.

வெள்ளியங்கிரி எங்கக்கா ஊட்டுக்கு வந்து, கட்டுப் போட்ட கையோட வெறுந்தரையில உக்காந்து பொம்பளை மாதிரி அழுதான். "என்ற வாய்தான் ஆத்தா, என்ற நாக்குத்தான்"னு தலையில அடிச்சுக்கிட்டான். பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்! அந்த நோம்பியோட சரி, அப்பறம் கோயில் பக்கமே அவன் வரதில்ல. தப்புப் பண்ணுனவன் எந்த மூஞ்சியோட வருவான்? நான் வருசா வருசம் மொதல் ஆளாப் போய் நிக்கறனுங்களே.

அக்கா செவுத்தைப் பாத்துப் படுத்தவதான். அடுத்த நோம்பிக்கு அவ இல்ல. மயிலாத்தாளுக்கு எத்தனையோ எடம் வந்துதுங்க, ஒண்ணுக்கும் தலையாட்டல. அப்பவும் அவ பேசிட்டுத்தான் இருந்தா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவா.

அப்பறம் அந்தச் சிங்குப் பையனோட அப்பன் வந்தாருங்க. பஞ்சாபிலிருந்து. சண்டைக் காலத்து ரயில்ல, நின்னுக்கிட்டும் தொங்கிக்கிட்டும், படுக்கைச் சுருட்டைத் தூக்கிக்கிட்டு. வெள்ளைத் தாடி, ஆளு நெட்டுக்கு நெட்டு. மகன் உழுந்த எடத்தைப் பாக்கோணுமாம். அவரு பேசறது இங்கிலீஷு. எங்க ஊர்ல அது தெரிஞ்சது மயிலாத்தாளுக்கு மட்டுந்தான், ஈரோட்டுல கன்னியாஸ்திரீக பள்ளிக்கூடத்துல படிச்சவளாச்சே.

நான் ஒரு கொறையும் வெக்கலீங்க. மாலை போட்டேன். விருந்து ஏற்பாடு பண்ணுனேன். உக்கார வெச்சு, என்ற மாப்பளை எப்பிடிச் சனத்தைக் காப்பாத்துனான்னு மொதல்லிருந்து சொன்னேன். நான் சொல்லச் சொல்ல மயிலாத்தா இங்கிலீஷுல சொன்னா. நான் நீளமாச் சொல்றேன், அவ துண்டு துண்டாச் சொல்றா. இங்கிலீஷு சிக்கனமான பாஷையாட்ட இருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன். அந்தப் பையனைப் பத்தியும் சொல்லச் சொன்னேன், "கூட ஒரு பையன் இருந்தான், அவனும் தங்கமான பையன்"னு. மயிலாத்தா அவன் பேரைப் பூராவும் தெளிவாச் சொன்னா. குர்பச்சன் சிங்கு. பெரியவர் அதையே ஒருக்காத் திருப்பிச் சொன்னாரு. எனக்கு வாயில நொழையாத பேரு இவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு தெரியல.

சோளக்காட்டைப் போய்ப் பாத்தாரு. மொட்டைப் பனையைப் பாத்தாரு. திரும்பி மயிலாத்தாகிட்ட என்னமோ கேட்டாரு. அவ என்னைப் பாத்தா. ஒரு கையை மேல வானத்துல காட்டி, அப்பிடியே மொள்ளமா மண்ணு வரைக்கும் எறக்குனா. அப்பறம் அந்த விரலை எம்பக்கம் நீட்டுனா. நீட்டிக்கிட்டே ஒண்ணு சொன்னா.

பெரியவர் என்னைப் பாத்தாரு. கோவமாப் பாத்தாருன்னு சொல்ல முடியாதுங்க. பாத்தாரு, அவ்வளவுதான். கழுத்துல கெடந்த மாலையைக் கழட்டிப் பனையடியில வெச்சாரு. மயிலாத்தா தலை மேல கையை வெச்சாரு. அவ அங்கயே உக்காந்து ஓன்னு அழுதா. அது வரைக்கும் அவ அழுது நான் பாக்கலீங்க. பெரியவர் படுக்கையைத் தூக்கிக்கிட்டு நேரா ரோட்டுக்கு நடந்துட்டாரு. போட்ட எலை போட்டபடி கெடந்துது. கோதுமை திங்கறவங்க, நம்ம சோறு புடிக்கலையாட்ட.

அன்னையோட சரிங்க. மயிலாத்தா பேச்சை நிறுத்திட்டா. பவானியில வேலை வாங்கிக்கிட்டுப் போயிட்டா.

அவ சொன்னது நாலே வார்த்தைங்க. இன்னும் என்ற காதுலயே நிக்குது. தூங்கப் போறப்ப வரும், காட்டுக்குப் போறப்ப வரும். "ஹி கால்டு தெம் டவுன்." யாருகிட்டயும் போய் அர்த்தம் கேக்கலீங்க, குடும்ப விசயமில்லீங்களா. நானே கண்டுபுடிச்சேன். கால்னா கூப்புடறது, தபாலாபீசுல சொல்லுவாங்க. டவுனு நமக்குத் தெரியாததா? டவுன் பஸ்ஸு, டவுன் ஹாலு. அவங்க ரெண்டு பேரையும் நான் டவுனுக்குக் கூப்புட்டேன்னு சொல்லியிருக்கறா! நான் எப்பங்க டவுனுக்குக் கூப்புட்டேன்? நான் கூப்புட்டது ஊருக்கு, நோம்பிக்கு. பெத்த அப்பம்மேல, அதுவும் ஊரு பேரு தெரியாத மனுசங்கிட்ட, இப்பிடி ஒரு அபாண்டத்தைச் சொல்லலாமுங்களா? கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்க வேண்டியது நானா, அவளா?

என்னங்க, சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? நீங்க படிச்சவராட்டத் தெரியுது. அதுக்கு வேற அர்த்தம் என்னமாச்சும் இருக்குதுங்களா?

வேண்டாமுங்க. சொல்ல வேண்டாம்.

ஏப்பா கண்டக்டரு, விசிலைக் குடு. பவானி இன்னும் வரலீன்னு எனக்கும் தெரியும். இங்கயே நிறுத்து, நான் நடந்துக்கறேன்.